பலகடுவ வளைவு

1961 மே 3, புதன்

சீனி,

உங்களை இந்தப் பெயரால் அடுப்படிக்குள் மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். மாமி காதில் விழுந்திருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். தேத்தண்ணியில் நாலு கரண்டி சீனி கேட்கிற மனுசனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இப்போது யார் காதிலும் விழாது. எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் இந்த அறைக்குள். வெள்ளைச் சேலை. கதவுக்குத் திரை. வெளி ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது, உங்கள் தம்பி மர்சூக்கும் அதில் சேர்த்திதான். நான் சோறு போட்டுக் கொடுத்த பிள்ளை, திரைக்கு அந்தப் பக்கம் நின்று, “மைனி, கடைக்குப் போறேன், ஏதும் வேணுமா?” என்று கேட்கிறான்.

அறை ரோட்டுப் பக்கம். பஸ், லொறி, மாட்டுக் கரத்தை எல்லாம் கேட்கும். கார் சத்தம் வந்தால் உடம்பு தானாக எழும்புகிறது. பிறகு உட்காருகிறது.

மே 9

பெண்கள் வருகிறார்கள், ஓதுகிறார்கள், அழுகிறார்கள், ஒரே கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

“பிரேக் போயிட்டாமே, பாவம்.”

“நல்ல காரியத்துக்குப் போன இடத்துல மௌத்து. எல்லாருக்கும் கிடைக்குமா?”

நல்ல காரியம்தான். இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு புஹாரி ஹாஜியார் விடியச் சுபஹோடு மௌத்தானார். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம். மய்யித்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மகள் ஹமீமா கண்டியில் வாழ்க்கைப்பட்டவள். வாப்பாவின் முகத்தை அவள் பார்க்க வேண்டாமா? எல்லோரும் உங்களிடம்தான் ஓடி வந்தார்கள். நீங்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தீர்கள். திரும்பி வரும்போது பலகடுவ மலை வளைவில் கார் புரண்டது. ஹமீமாவுக்குக் கால் முறிந்தது. நீங்கள் —

ஹாஜியாரை அஸருக்கே அடக்கிவிட்டார்கள், மகள் இல்லாமல். மறுநாள் உங்களை.

வேகம் என்ற சொல்லை மட்டும் ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை. ஊரே உங்களுக்கு ஸ்புட்னிக் என்று பெயர் வைத்தது. ருஷ்யாக்காரன் வானத்தில் ஏவினானே, அது. “ஸ்புட்னிக் ஈக்கிறாரா? அவசரம்!” என்று எத்தனை பேர் இந்த வாசலில் நின்றிருக்கிறார்கள். பிள்ளைப்பேறு, ரயில், மய்யித்து, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். “ரோட்டு என்ட உள்ளங்கை மாதிரி ஸக்கியா” என்பீர்கள்.

நானும் பெருமைப்பட்டவள்தான்.

மே 27

கார் வந்துவிட்டது. கராஜிலிருந்து கணபதி பாஸ் தானே ஓட்டி வந்தார். பச்சைக் காருக்கு இடப்பக்கம் கறுப்பு மட்காட். திரை இடுக்கால் பார்த்தேன். ஒரு கண்ணில் அடி வாங்கின ஆள் மாதிரி நிற்கிறது.

முன்வாசலில் மாமியோடு பேசினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அம்மா, மனசு கேக்கல, சொல்லிடுறேன். பிரேக்குல ஒரு குறையும் இல்லீங்க. கழட்டிப் பார்த்தேன். அந்த வளைவுக்கு வந்த வேகம்தான்...”

“பாஸ்” — மாமியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. “மௌத்தானவங்கட குறையப் பேசுறது எங்களுக்குப் பாவம். பிரேக் போனதுண்டே இருக்கட்டும்.”

“சரிங்கம்மா. நான் பேசல.”

பாஸ் தேத்தண்ணி குடித்தார். கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. போனார்.

மே 28

பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு.

ஜூன் 12

மர்சூக்கும் உங்களைப் போல வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கிவிட்டான். வேறு என்ன செய்வான், வீட்டில் இருப்பது அந்த ஒஸ்டின் கார் ஒன்றுதான். ஊர் அவனுக்கும் பெயர் வைத்துவிட்டது. சின்ன ஸ்புட்னிக். மாமி வாசலில் நின்று பெண்களிடம் சொல்வது கேட்கிறது: “என்ட மக்கள் மாதிரி ஸ்டேரிங் புடிக்க மாத்தளையில ஆள் இல்ல.”

நம் வீட்டுக்குக் கீழ் வளைவில் அவன் கியர் மாற்றுவதில்லை. நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டே வருகிறான். அப்படியே உங்கள் சத்தம். கையிலிருந்த தஸ்பீஹ் மணி விழுந்தது.

ஜூன் 15

இன்று திரைக்குள் இருந்தே கேட்டேன்.

“தம்பி, கீழ் வளைவுல கியர் மாத்த மாட்டியா?”

“அல்லாஹ்! மைனிக்கு அதுவும் கேக்குதா? பொலிஸ்காரனுக்கே கேக்கல.”

“சிரிக்காத.”

“மெதுவாப் போறவனுக்குத்தான் மைனி ஆபத்து. பின்னால வர்ற லொறி ஏத்திட்டுப் போயிரும். கார் கைக்குள்ள இருந்தா வேகம் ஒண்ணும் செய்யாது. என்ட நானா சொல்லித் தந்தது.”

நானா என்று உங்களைத்தான் சொன்னான்.

“உன்ட நானா எங்க?”

செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் போயிற்று. போய்விட்டான் என்று நினைத்தேன்.

“அது பிரேக் மைனி” என்றான்.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உங்கள் குறையை நானே சொல்வதா? இத்தாவில் இருக்கிற பெண்டாட்டி?

ஜூன் 16

மௌத்தானவருடைய குறையைப் பேசக் கூடாது. சரி. உயிரோடு இருக்கிறவன் பிறகு எதைக் கேட்டுத் திருந்துவான்? பள்ளி லெப்பையிடம் கேட்கலாமா? கேட்டால், எந்தக் குறை என்று கேட்பார்.

ஜூலை 4

ஹமீமா வந்தாள். கக்கத்தில் கட்டை. இருக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், கடைசியில் என் பாயிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ராத்தா, நீங்க என்னோட கோவமா?”

“என்னத்துக்கு?”

“என்னைக் கூட்டிட்டு வரப் போய்த்தானே.”

இல்லை என்று சொன்னேன். உண்மையாகவே இல்லை. பிறகு கேட்டேன், பயமாக இருந்ததா என்று.

“பலகடுவ ஏறும்போதே கண்ண மூடிட்டேன். மெதுவாப் போங்க நானாண்டு சொல்ல வந்திச்சி. எப்படிச் சொல்ற? வாப்பாவ அங்க கிடத்தி வச்சிருக்காங்க. எனக்காகத்தான் அவர் பறக்கிறார். மெதுவாண்டு சொன்னா, வாப்பா வேணாண்டு சொல்ற மாதிரி.”

பிறகு அவள் சொன்னதுதான் இன்னும் குடைகிறது.

“ஒருத்தரும் தப்பு செய்யல ராத்தா. எல்லாரும் நல்லதுதான் செஞ்சோம். அப்படியிருந்தும் நான் வாப்பாவப் பாக்கல.”

ஜூலை 22

கலேவெலயிலிருந்து என் கூடப்பிறந்த ராத்தா ஆள் அனுப்பினார். உம்மாவுக்கு இளைப்புக் கூடியிருக்கிறதாம். இத்தா முடிந்ததும் வரச் சொல்கிறார். மர்சூக் ரத்தோட்டைக்குப் போனவன் இருட்டியும் வரவில்லை. மாமி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார். நான் அறைக்குள் நடக்கிறேன். ஒரே நடை. ஆனால் கேட்டால், “அவனுக்கு என்ன, பறந்து வந்துருவான்” என்கிறார்.

பறந்துதான் வந்தான்.

ஆகஸ்ட் 14

இத்தா முடிந்தது. குளித்தேன். வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. மர்சூக் என்னைக் கண்டு தலையைக் குனிந்தான். மெலிந்திருக்கிறான். மூக்கு உங்கள் மூக்கு.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

உம்மா போய்விட்டா.

செப்டம்பர் 1

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பகல் லுஹர் தொழுது முடிய தந்தி வந்தது. உம்மா மௌத்து, அஸரோடு அடக்கம். மர்சூக் வாசித்துச் சொன்னான், அதே மூச்சில் காரை எடுத்தான். “ஏறுங்க மைனி. உங்கட உம்மாட முகத்தக் காட்டுறது என்ட பொறுப்பு.” மாமியும் ஏறினார். உங்களுக்குப் பிறகு அந்தக் காரில் நான் ஏறுவது அன்றுதான்.

பலாபத்வல தாண்டிவிட்டோம். தென்னை மரமெல்லாம் பின்னால் ஓடுகிறது. ஒரு வளைவில் குடத்தோடு வந்த சிங்களப் பெண் ரோட்டோரக் கானுக்குள் பாய்ந்தாள். குடம் ரோட்டில் உடைந்தது. மர்சூக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குக் கண் எல்லாம் முன்னால், உம்மாவின் முகத்தில். அப்போதுதான், சீனி, நீங்கள் எப்படி இருந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. இப்படித்தான். நல்ல மனசோடு.

“மர்சூக், நிப்பாட்டு.”

“என்ன மைனி? விளையாடுறீங்களா?”

“நிப்பாட்டு!”

நிறுத்தினான்.

“மெதுவாப் போறதுண்டா இருக்கேன். இல்லாட்டி இங்கேயே இறங்கி பஸ்ஸுக்கு நிக்கிறேன்.”

“மெதுவாப் போனா முகம் கிடைக்காது. பொறகு என்னை ஏசக்கூடாது.”

“தெரியும்.” முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். “பிரேக் நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. பாஸ் சொன்னத நான் உள்ள இருந்து கேட்டேன். உன்ட நானா வேகமா வந்துதான் மௌத்தானது.”

சொல்லிவிட்டேன். மகனைப் பெற்றவர் பக்கத்தில் இருக்க, சொல்லிவிட்டேன். மாமி கத்துவார், இறங்கிப் போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

“மெதுவாவே போ மகன்” என்றார். “எனக்கு இனி நீ மட்டும்தான்.”

கரத்தைகூட எங்களை முந்தும் போல இருந்தது. ஒரு லொறி முந்திற்று, அதில் இருந்தவர்கள் கூவிச் சிரித்தார்கள். எந்தப் பள்ளியிலோ அஸர் பாங்கு சொன்னது. நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் வேகமாப் போ தம்பிண்டு எத்தனை தரம் நாக்கு நுனிக்கு வந்திச்சி தெரியுமா? ஒவ்வொரு தரமும் முழுங்கினேன்.

கலேவெல சேரும்போது ஆண்கள் தொப்பியோடு, உம்மாவை அடக்கிவிட்டு, மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மழை இருட்டிவிட்டது, அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லையாம்.

ராத்தா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “கார்க்காரன்ட வீட்டுக்காரி! நடந்தா வந்தீங்க? உம்மா கடைசி வரைக்கும் உன்ட பேரத்தான் சொன்னா.”

மர்சூக் வாயைத் திறந்தான். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம்.

உம்மாவின் தலையணை இன்னும் பள்ளமாக இருந்தது. அதில் முகத்தை வைத்துப் படுத்தேன்.

செப்டம்பர் 3

திரும்பி வரும்போது உடைந்த குடம் கிடந்த இடத்தில் மர்சூக் காரை நிறுத்தினான். குடத்து ஓடுகள் ரோட்டோரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“பாஸ் எனக்குத்தான் மொதல்ல சொன்னார் மைனி. ஊர்ல பிரேக்குண்டு சொன்னது நான்தான்” என்றான். ஸ்டேரிங்கில் தலையை வைத்து அழுதான். மாமி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 19

உம்மாவின் முகத்தை நினைக்கப் பார்க்கிறேன். வெற்றிலை வாய் வருகிறது, கண் வரவில்லை. நான் செய்தது சரியா? ராத்தா இன்னும் பேசவில்லை. பகல் முழுக்கச் சரி என்று இருக்கிறது. சோறு வடிக்கும்போது திடீரென்று, இல்லை என்று இருக்கிறது.

செப்டம்பர் 30

கீழ் வளைவில் கியர் மாறிய சத்தம். அடுப்பை விட்டுவிட்டு வந்து கேட்டேன். அவன்தான்.

அக்டோபர் 15, ஞாயிறு

சின்ன ஸ்புட்னிக் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கரத்தை என்கிறார்கள். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் வேறு காருக்குப் போய்விடுகிறார்கள். “கரத்தை மகன், மாட்டுக்குப் புல்லு வைக்கவா?” என்று மாமியே கேலி செய்கிறார். அவனும் சிரிக்கிறான்.

இன்று ஹமீமா கண்டிக்குத் திரும்பிப் போனாள். மர்சூக்கின் கார்தான் வேண்டும் என்றாள், என்னையும் துணைக்குக் கேட்டாள். பலகடுவயில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. நான் சொல்லாமலே மர்சூக் ஓரமாக நிறுத்தினான்.

இறங்கிப் பார்த்தேன். நான் நினைத்திருந்தது பெரிய பாதாளம். இது சின்ன வளைவு, சீனி. மாடு கூடத் தானாகத் திரும்பும். கல் கட்டில் கொஞ்சத்துக்கு மட்டும் புதுச் சாந்து. பக்கத்தில் செவ்விளநீர் விற்கிற சிங்கள அம்மா, “ஹெமின் யன்ன புத்தே” என்று மர்சூக்குக்குச் சொன்னா. மெதுவாப் போ மகன் என்று. முன்பின் தெரியாத பிள்ளைக்கு. அந்த வழியே போகிற எல்லோருக்கும் சொல்வாவாம். உங்களுக்கும் சொல்லியிருப்பாவோ என்னவோ.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். நாலு கரண்டி போட்டுவிட்டுத்தான் நினைவு வந்தது. கொட்டவில்லை, நானே குடித்தேன்.

பிரேக் நல்லாத்தானே இருந்திச்சு. அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வளைவைக் கண்டதும், கடைசியிலயாவது, உங்கட கால் பிரேக்குக்கு மேலதானே இருந்திச்சு?