ஹெலிகாப்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

சம்பந்தியம்மா,

யாழினிக்கு ஐதராபாத் ஆபீசில் பதவி உயர்வு வந்திருக்கிறது. அவளுக்குக் கீழேயும் இப்போது ஆட்கள் உண்டாம். அவள் தம்பி மாறன் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, ஆவடிப் பக்கத்திலேயே ஒரு காலேஜில் சேர்ந்துவிட்டான். கடைக்குட்டி நித்யா கேரம் போட்டியில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்து, அந்தக் கப்பைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். எனக்கு மட்டுமா, உங்களுக்கும் பேரப்பிள்ளைகள்தானே. அதனால் வேறு எதையும் எழுதுமுன் இதைச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை மாறனின் புது ஸ்கூட்டருக்குப் பொட்டு வைக்கச் சந்தனம் இழைத்தேன். கல்லிலிருந்து வாசனை எழும்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா பாட்டி, தனியா சிரிக்கிற?" என்றான். உங்களை நினைத்துத்தான் சிரித்தேன்.

உங்களுக்கு வலது கை இழுத்துக்கொண்ட கோடையில், உங்கள் மகள் உங்களை நூம்பலிலிருந்து எங்கள் பட்டாபிராம் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். என் மகனும் அவளும் காலை ரயிலைப் பிடித்துப் போய், சின்னதுகள் இரண்டும் விளையாட ஓடிவிட்டால் வீட்டில் நாம் இரண்டு பேர்தான். கல்யாண நாளிலிருந்து "வாங்க, காப்பி சாப்பிடுங்க" என்பதைத் தாண்டி நாம் பேசிக்கொண்டதே இல்லை. மதியச் சோறுதான் பெரிய சங்கடம். நான் சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

"பொண்ணக் குடுத்த ஊட்டுல, சம்பந்தி கையால ஊட்டிக்கினு குந்தினுகீறதா? வோணாம்மா, மானம் போவும்."

இடது கையால் சாப்பிடவும் மாட்டீர்கள். மகள் வீடு திரும்பும்வரை காப்பித் தண்ணியோடு சரி. நாளுக்கு நாள் இளைத்தீர்கள். ஒருநாள் நீங்களாகவே சொன்னீர்கள்: "என் கையால ஒரு வாய் எட்த்துத் துன்னா போதும். வேற இன்னா கேக்கறேன்?"

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, தினமும் அமுக்கச் சொன்னாள். "நான் இன்னா கொயந்தையா?" என்று கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டீர்கள். இதை நான் போனில் சொல்லப்போய், யாழினி அனுப்பியதுதான் அந்தக் குட்டி ஹெலிகாப்டர். மேலே ஏற்றும் குச்சி வலது கைப் பக்கம் வருகிற ரிமோட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள். கட்டைவிரல் வேலை செய்தால்தான் அது பறக்கும்.

புது வண்டி என்றால் பொட்டு வைக்காமல் எடுப்போமா? "முன்னாடி ஒண்ணு, வாலுல ஒண்ணு, றெக்கைல ஒண்ணு வையுங்க" என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். கற்பூரம்கூடக் காட்டினோம்.

அதன்பிறகு தொடங்கியது கூத்து. சேர்த்துக் கொடுத்திருந்த காகிதம் முழுக்க இங்கிலீஷ். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் படத்தை மட்டும் பார்த்தேன். முதலில் விளக்கு மினுக்கியது, றெக்கை சுற்றவில்லை. யாழினிக்கு வீடியோ கால் போட்டோம். குச்சியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ரிமோட்டைப் போடச் சொன்னாள். சுற்றியது. மின்விசிறிக் காற்று தள்ளிவிடும் என்று அதையும் நிறுத்தச் சொன்னாள். அந்த வெயிலில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியைத் தள்ளினீர்கள். ஹெலிகாப்டர் குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி தரையில் உதறிக்கொண்டு நின்றது. கொஞ்சம் கூட்டினால் இன்னும் உதறி, குப்புற விழுந்தது. திரும்பத் திரும்ப அதே கதை. உங்கள் முகம் இருண்டுபோனது.

"வண்டி நல்லாத்தான் கீது. கைதான் நடுங்குது. நடுங்கற கைல இன்னாத்தக் குடுத்தாலும் நடுங்கும். திருப்பி எட்த்துக்கச் சொல்லும்மா யாழினி, இந்தக் கையி அவ்ளோதான்."

கை போய்விட்டது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டால், நாளைக்கு அந்தக் காப்பித் தண்ணியும் இறங்காது. வேறு எதுவும் தோன்றாமல், "எங்கிட்ட குடுங்க சம்பந்தி, நானும் ஒரு வாட்டி பாக்கறேன்" என்று ரிமோட்டை வாங்கித் தள்ளினேன்.

என் கையிலும் அதே உதறல்!

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "இன்னா சம்பந்தி, உங்களுக்கும் இஸ்துக்கிச்சா?"

போனுக்குள்ளே யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு றெக்கையைக் கிட்டே காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"ஐயோ பாட்டி! அது இன்னா றெக்கைல மஞ்சளா?"

"சந்தனம்மா. பூசை போட்டோம்."

"ஒரு பக்கம் மட்டும் கனமா இருந்தா உதறாம இன்னா பண்ணும்?"

இரண்டு றெக்கையும் ஒரே எடையாக இருக்க வேண்டுமாம். காய்ந்து ஒட்டியிருந்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். நீங்கள் ரிமோட்டை வாங்கவே பயந்தீர்கள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினீர்கள். உதறலே இல்லாமல் எழும்பியது. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியபோது, யாழினி சொன்ன சின்னத் திருகைத் திருகி அதையும் நிறுத்தினோம். ஹெலிகாப்டர் பரணை எட்டிப் பார்த்துவிட்டு, காலண்டரில் மோதி விழுந்தது. "எம்மா! என் கையிதாம்மா ஏத்திச்சி!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள்.

அதன்பிறகு உங்களிடமிருந்து அதை யார் பிடுங்க முடிந்தது? மழை பிடிப்பதற்குள் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்துவிட்டன. ஒரு மதியம் நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினால், ரசம் சோற்றை நீங்களே அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறீர்கள். பாதி மடியில் சிந்தியது. நான் அழுதேன். நீங்கள், "உப்பு பத்தல சம்பந்தி" என்றீர்கள். அப்புறம் இரண்டு வருடம், கடைசி நாள்வரை, உங்கள் கையால்தான் சாப்பிட்டீர்கள்.

இப்போது அந்த ஹெலிகாப்டர் கோடி வீட்டு மேரியம்மாவிடம் இருக்கிறது. அவருக்கும் அதே மாதிரி கை. தூக்கவே வரவில்லை என்று போன வாரம் கண் கலங்கினார். "எங்கிட்ட குடுங்க, மொதல்ல நான் பாக்கறேன்" என்று சொன்னபோது, அது உங்களோடு இருந்து நான் கற்ற பேச்சு என்பது அவருக்குத் தெரியாது. பேட்டரிதான் இறங்கியிருந்தது.

ஒரு குறைதான். சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படம் ஓட்டர் கார்டுக்கு எடுத்தது, கழுத்தோடு நின்றுவிட்டது. நீங்கள் சாப்பிட்ட அந்த மதியம் நான் யாழினிக்குக் கால் போட்டபோது, அவள் போனிலேயே ஒரு படம் பிடித்து வைத்திருக்கிறாளாம். அதைப் பெரிதாகப் போட்டுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முகத்தை மட்டும் வெட்டி அனுப்பிவிடாதே, கை முழுசாகத் தெரியணும், முழங்கை வரைக்கும் ரசம் வழிந்தாலும் பரவாயில்லை என்று.