இரண்டாவது ஒளி

நாகர்கோவில்,
19-11-1956.

செல்வதாஸ் அவர்களுக்கு,

தோத்திரம். நலம். இங்கே விடாத மழை. உங்கள் அம்மாவுக்கு முட்டுவலி என்று கேள்வி.

கடிதம் கிடைத்தது. நம் நிச்சயத்தை மறந்துவிடச் சொல்கிறீர்கள். கருங்கலில் பெண் பார்த்தாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்து தாலி கட்டுவீர்கள். மிச்சப் பக்கங்களெல்லாம் வெளிநாட்டில் நீங்கள் வேலை பார்க்கும் அணு உலை. உலையிலிருந்து கிளம்பும் எதிர் நியூட்ரினோ என்னும் துகள் பூமியையே ஊடுருவிப் போகுமாம், எதையும் தொடாதாம். நானும் அப்படியே போய்விட வேண்டுமாம். அழகான வரி. பலமுறை வாசித்தேன்.

ஆனால் அது அகப்பட்டதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உலையருகே தொட்டி. காட்மியம் கலந்த தண்ணீர். எப்போதாவது ஒன்று மோதும், ஒரு ஒளி. அதை மட்டும் நம்பக் கூடாது. அடுத்த கணமே இன்னொன்று மின்னினால்தான் வந்தது அதுவே என்று சொல்லலாம். திருவனந்தபுரத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா?

நேற்று கருங்கல் கோயிலில் உங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர் சொல்லலாம் என்றார் சபை ஐயர். யாரும் சொல்வதில்லை. நான் எழுந்தேன். சித்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, இரி. மானம் போவுது." போகட்டும் என்றேன். நிச்சயத்தைச் சொன்னேன். அன்று உங்கள் அம்மா போட்ட மோதிரத்தைக் காட்டினேன்.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "படிச்சவளுக்குக் கிறுக்கு முத்திட்டு." சிரிப்பு. ஒருத்தி சொல்வது மட்டும் போதாதே அம்மா என்று ஐயர் முடிப்பதற்குள் மணப்பெண் எழுந்தாள். முத்துக்கனி.

"அந்த அக்கா பொய் சொல்லேல்ல. எங்க அப்பாக்கும் தெரியும். எனக்கு இந்தத் தாலிகெட்டு வேண்டாம் ஐயரே."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஐயர் ஓலையை மடித்து வைத்தார்.

கல்யாணம் நின்றது என்று உங்கள் அப்பாவின் தந்தி இந்தக் கடிதத்தை முந்திக்கொள்ளும். அதில் காரணம் இருக்காது. காரணம் நான்.

எனக்கு நீங்கள் வேண்டாம். அவளுக்கும் வேண்டாம். இனி எந்தச் சபையில் உங்கள் பெயர் வாசிக்கப்பட்டாலும் நான் முன்வரிசையில் இருப்பேன். மோதிரத்தைத் திருப்பி அனுப்பவில்லை. சாட்சிக்கு வேண்டும். விரலிலேயே கிடக்கிறது.

அங்கே பனி அதிகமாமே. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும். தினமும் அதற்காக முழங்காலிடுகிறேன். ஆயுசு எத்தனை நீண்டாலும் ஞாபகம் மட்டும் உங்களுக்கு மங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நேசபாய்