காதில் சொல்ல வேண்டிய பெயர்

பெப்ரவரி 11, புதன்

என் கணவருக்கு இனி வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாகப்போகிறவரின் காதில் இயேசு, மரியாள், யோசேப்பு மூவரையும் அழைத்து 'சேசு மரி சூசை' சொல்வது எங்கள் வழக்கம். அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் ஒரு போலந்துக்காரர். அவர் மனைவி 'யெஸு, யெஸு' என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊசி போட வந்த போர்த்துக்கீச நேர்ஸ் 'ஜெசுஷ்' என்று சிலுவை போட்டாள். எங்கள் 'சேசு' அவர்களுடைய பாதிரிமார் கொண்டுவந்ததுதானாம். எங்கள் மகன் இவர் காதருகே குனிந்து, இங்கே பள்ளிக்கூடத்தில் பழகியபடி, 'ஜீசஸ்' என்றான்.

இவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். "நீர் சொல்லும். எங்கடை மாதிரிச் சொல்லும்."

ஒரு யூதப் பெயர் இத்தனை நாட்டு வாய்களில் உருமாறியும் உயிரோடு இருக்கிறது. என் வாயில்தான் செத்துவிட்டது. ஊரில் சண்டைக்காலத்தில் மாதா கோயிலில் ஒளிந்திருந்தபோது செல் குண்டு விழுந்தது. அந்தப் பெயரைத்தான் கத்தினேன். மூத்த மகள் என் மடியிலேயே போய்விட்டாள். அதன்பிறகு பூசையில் வாயை மட்டும் அசைப்பேன். இவருக்குத் தெரியாது.

"சொல்லுமன்," என்றார் திரும்பவும்.

"தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.