நாற்பத்தொன்றுக்கு நானும் தட்டினேன்

மார்ச் 24, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மணலி ஆலைகள் பக்கமிருந்து அந்த நாற்றம். துணியை உள்ளேயே காயப்போட்டேன்.

வியாழன் மாநகராட்சி மன்றக் கூட்டம். பட்ஜெட், வீட்டு வரி இரண்டும். கவுன்சிலராகி இத்தனை நாளில் முதல் தடவையாக வாய் திறக்கப் போகிறேன்.

எங்கள் குப்பத்துத் தெரு இதுவரை உள்தெரு. அதற்குத் தக்க வரி. கன்டெய்னர் லாரி போகவேண்டும் என்று அகலப்படுத்தினார்கள். இப்போது அதையே மெயின் ரோடு என்று மாற்றி வரியை இரண்டு மடங்காக்க ஒரு தீர்மானம், 41ஆம் எண். ரோடு லாரிக்காரனுக்கு, வரி எங்களுக்கு. என்ன நியாயம் இது?

சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு தேவகி, கூடையைக்கூட இறக்காமல்: "உன்ன நம்பித்தான் ஓட்டு குத்துனோம். வரி ஏறிச்சுன்னா வூட்ட வித்துட்டுப் போவ வேண்டியதுதான்."

41 நிறைவேறாது என்று கடலைக் காட்டிச் சத்தியம் செய்தேன்.

செய்ய: புடவை இஸ்திரி. பேச்சு மனப்பாடம். சிலிண்டர் பதிவு.

மார்ச் 26, புதன்

ஜெயந்தி அக்கா வீடு. பக்கத்து வார்டு கவுன்சிலர், நிதிக்குழுத் தலைவி. தேர்தலில் எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள். தோசை சுட்டுப் போட்டாள்.

"நாப்பத்தொண்ண மட்டும் தனியா படிக்கச் சொல்லிட்டேன். மத்ததுக்கு எல்லாரோடயும் சேந்து மேசையத் தட்டு. நடுவுல சவுண்டு வுட்டா மைக்கை கட் பண்ணிடுவாங்க. உன் நம்பர் வரும்போது எழுந்திரு. உன் பின்னாலயே நானும் எழுந்திருக்கறேன்."

இவள் இல்லாவிட்டால் அந்த மன்றத்தில் எனக்கு யார்? கண் கலங்கிவிட்டது.

சிலிண்டர் மறந்துபோச்சு.

மார்ச் 27, வியாழன்

முடிந்தது.

தீர்மானங்களை ஒவ்வொன்றாக யாரும் படிப்பதில்லை. எண்களைக் கட்டுக்கட்டாகச் சொல்வார்கள், நாங்கள் மேசையைத் தட்டுவோம். தட்டினால் ஒப்புதல். "ஏழு முதல் ஐம்பத்தெட்டு வரை." டப டப டப. 41 தனியாக வரும் என்று நம்பி நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன்.

காத்திருந்தேன். பேச்சு எழுதிய தாள் கைவேர்வையில் ஊறிப்போனது. அடுத்த கட்டு. அதற்கும் அடுத்தது. பிறகு எல்லோரும் எழுந்தார்கள். என் முறை வந்துவிட்டதென்று நானும் எழுந்தேன். தேசிய கீதம்.

அக்கா முன்வரிசையில் நேராகப் பார்த்தபடி நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

படிக்கட்டில் பிடித்தேன். "மறந்துட்டாங்க போல, வுடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். என்னோடு இறங்கி வந்த வேறொரு கவுன்சிலர் சிரித்தார். "இன்னாம்மா, தெரியாத மாரி நிக்கிற? அவங்க வார்டு கடைத்தெருவுக்கு வரி ஏறாம பழைய ரேட்லயே இருக்கணும்னா, அதுக்கு பதிலா வேற ஏதாவது தெருவுக்கு ஏறணும்ல?"

பாவி. தோசை சுட்டுப் போட்டுக் கழுத்தை அறுத்தாள்.

மார்ச் 28, வெள்ளி

வெயில். வஞ்சிரம் நல்ல வரத்தாம்.

மன்றக் கூட்டத்து வீடியோ குப்பம் முழுக்கப் போய்விட்டது. நான் மேசையைத் தட்டுவது, அதுவும் சிரித்த முகத்தோடு. தேவகி போனை நீட்டினாள். "இன்னா கஸ்தூரி, நீயே தட்டிகினு கீற?"

அக்கா ஏமாற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அவ ஏமாத்துனா, சரி. எங்ககிட்ட சத்தியம் பண்ணது அவளா?"

ஏலக்கூடத்தில் நுழைந்ததும் ஒருத்தி ஐஸ் பெட்டியின் மூடியைத் தட்டினாள். டப டப. அடுத்தவளும் தட்டினாள். பிறகு எல்லோரும். ஒருத்திகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மீன் வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் "கொழம்புக்கு?" என்றார். ரசம்.

மார்ச் 30, ஞாயிறு

மேகம் மட்டும். சிலிண்டர் வரவில்லை.

அக்கா போன் செய்தாள். எடுத்தேன். "கோவமா? உன் வார்டுக்கு பட்ஜெட்ல சமுதாயக்கூடம் வாங்கி வெச்சிருக்கேன்டி. கல்வெட்டுல உன் பேரு வரும். பேசு."

போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பக்கத்தில் தட்ட ஆரம்பித்தேன்.

"அலோ, கஸ்தூரி? இன்னா சத்தம் அது? அலோ?"

அவள் வைத்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.