பழைய அடகுச் சீட்டு

“நகை என்ன கால் முளைச்சு ஓடியா போயிடும்? கடையில பூட்டித்தான வெச்சிருக்கான்!”

காலையில நீங்க கத்துனது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு. சங்கிலிய எப்ப மீட்கப் போறோம்னுதான் கேட்டேன். நீங்களா உண்மையச் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்.

ஆறு மாசமா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசோட நேத்தே அடகுக் கடைக்குப் போயிட்டு வந்துட்டேன். அசல், வட்டி ரெண்டும் சரியாத்தான் கொண்டுபோனேன். கடைக்காரர் சீட்டத் திருப்பித் தந்துட்டார். “இது பழசும்மா. தங்கம் விலை ஏறுச்சுன்னு உங்க வீட்டுக்காரர் போன மாசம் அதே சங்கிலி மேல இன்னும் பணம் வாங்கிட்டு, புதுச் சீட்டு போட்டுட்டுப் போனாரே. தெரியாதா?” வரிசையில நின்னவங்க எல்லாம் என்னையே பார்த்தாங்க. தெரியும்னு சொல்லிட்டு வந்தேன்.

பழைய சீட்ட பீரோவுலயே விட்டுவெச்சது என்னை ஏமாத்தத்தானே?

புதுச் சீட்டுக்கும் அதே பழைய கெடுதானாம், வெள்ளிக்கிழமையோட முடியுது. அப்புறம் ஏலம். சீட்டு உங்க பேருல இருக்கு, நீங்க வந்து கையெழுத்துப் போட்டாதான் தருவாங்க. நான் சேர்த்தது இப்ப பத்தாது. அது என் கைப்பையில இருக்கு, வீட்டுல தேடாதீங்க.

நான் வேலைக்குக் கிளம்பறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வெளிய போனா சாவிய மாடிவீட்டு அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

சின்னவளுக்கு ரெண்டு மணிக்கு மாத்திரை. கோவத்த அவமேல காட்டாதீங்க.

இன்னொண்ணு. அந்தப் பணம் எங்க போச்சுன்னு இந்தத் தாளுக்குப் பின்னாடி எழுதி வைங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, உங்க கையால எழுதுங்க.