பல்லைக் கழற்றிவிட்டுப் போட்ட குரவை

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் நிப்றாஸுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சி பஸ்மிலாவும் அல்லாஹ்வின் றஹ்மத்தால் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன்னையும் அந்த லெஸ்டர்க் குளிரில் நோய்நொடி அண்டாமல் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நீ குரல் பதிவில் பதில் அனுப்பச் சொன்னாய், மாட்டேன் மகன். இனி நான் வாயைத் திறந்து இருமினாலும் அதையும் நீ ஒரு பாட்டில் போட்டுவிடுவாய் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது, அதனால்தான் பேனையை எடுத்தேன். பஸ்மிலா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். வாசிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன், வாசிப்பாள். பஸ்மிலா, இதை வாசித்துக்கொண்டிருந்தால் போய் அடுப்பில் இருக்கிற பாலைப் பார்.

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். சிம்பாப்வே நாட்டுப் பிள்ளைகள் சேர்ச்சில் பாடுகிற துதிப் பாட்டை எடுத்து அவர்களுடைய ஊர் ஆட்டத் தாளத்தில் போடுகிறார்கள், அதில் மேளம் அடிப்பது நீ என்று எழுதியிருந்தாய். முதலில் அஸ்தஃபிருல்லாஹ் சொன்னேன், அதை மறைக்கவில்லை. எங்கே குற்றம் இருக்கிறது என்று கண்டுபிடித்து உனக்கு நன்றாக ஏசி எழுத வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். குற்றம் பிடிப்பதற்காக ஒரு பாட்டை இத்தனை தடவை கேட்டவள் இந்த ஊரில் என்னைத் தவிர ஒருத்தியும் இருக்க மாட்டாள். ஒரு நாள் அதைப் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், வாப்பா குசினி வாசலில் வந்து நின்று, "என்ன நதீரா, வெங்காயத்துக்கிட்ட என்ன கோவம்?" என்று கேட்டார். பார்த்தால் கத்தி உன் மேளத்துக்குத்தான் வெட்டியிருக்கிறது, ஒரு கறிக்குப் போதுமான வெங்காயத்துக்குப் பதிலாக ஒரு கந்தூரி விருந்துக்குப் போதுமானது கிடக்கிறது. இடுப்பு நாரியும் கொஞ்சம் ஆடியிருக்கிறது போல, அன்று முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வயது போன காலத்தில் எனக்குத் தேவைதான்.

ஆனால் மகன், பாட்டை விட நீ கேட்டதுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது. உன்னோடு பாடுகிற கூட்டாளி தெண்டாயின் உம்மா ஒத்திகையில் சந்தோசம் பொறுக்காமல் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார், அதைக் கேட்டதும் உன் கை மேளத்தில் அப்படியே நின்றுவிட்டது, எங்கள் ஊர்க் கலியாண வீட்டு வாசல் கண்ணுக்குள் வந்தது என்று எழுதியிருந்தாய். இப்போது பாட்டின் நடுவில் அவருடைய குரவைக்குப் பிறகு ஓரிடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய், அதில் என்னுடைய குரவையைப் போட வேண்டும், உம்மா ஓம் என்று சொன்னால் போடுவேன், சொல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்கிறாய். இப்படிக் கேட்டால் ஒரு பெத்தவள் என்ன செய்வாள்? ஒரு பக்கம், கலிமா சொன்ன குடும்பத்துப் பெண்ணின் குரல் சேர்ச் பாட்டுக்குள் போவதா என்று மனது அடித்துக்கொண்டது. மறுபக்கம், மஃரிப் நேரம் வந்தால் நீ தொழுது முடிக்கும்வரை அவர்கள் ஒத்திகையை நிறுத்தி வைக்கிறார்கள், தெண்டாயின் உம்மாதான் உனக்கு அறையைக் கூட்டி விரிப்புப் போட்டு வைக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். என் மகனுக்குத் தொழ இடம் கூட்டித் தருகிற ஒரு மனுசிக்கு நான் பதில் குரவை போடாமல் இருந்தால் அது என்ன மரியாதை என்றும் தோன்றியது.

சரி, சும்மா போட்டுப் பார்ப்போம் என்று போன செவ்வாய்க்கிழமை இறங்கினேன். என் குரவை பாண்டிருப்பு வரைக்கும் கேட்கும் என்று உன் மாமி பெருமையடிப்பார், அது பொய். காற்று சரியாக அடித்தால் கல்முனை பஸ் நிலையம் வரை போயிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இப்போது கலியாணமெல்லாம் மண்டபத்தில், ஒலிபெருக்கியில் நடக்கிறது, பள்ளிவாசலிலும் இதெல்லாம் எதற்கு என்கிறார்கள், குரவை போட்டு வருசக்கணக்காகிறது. நான் என்னவென்றால் நல்ல உடுப்பு உடுத்து, தலை வாரி, அத்தரும் பூசிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பஸ்மிலா பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகும் அவசரத்தில் பார்த்துவிட்டு, "உம்மா, சத்தத்துக்கு என்னத்துக்கு அத்தர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன தெரியும். அவள் போனதும் நாக்கைச் சுழற்றினேன். வந்தது குரவை இல்லை மகன், தண்ணீர் கொதிக்கிற கேத்தல் சத்தம். மேலே கட்டியிருக்கிற பொய்ப்பல் நாக்கில் இடறுகிறது. அதற்குப் பிறகு என்ன, பல்லைக் கழற்றிக் கோப்பையில் போட்டேன், பிஸ்மி சொல்லி மூச்சை இழுத்தேன், வந்தது பார் ஒரு குரவை! எனக்கே புல்லரித்துவிட்டது. கழற்றினால் இப்படி வரும் என்று தெரிந்திருந்தால் பல் வைத்தியரிடம் போகாமலே இருந்திருப்பேன். சந்தோசத்தில் இன்னொன்றும் போட்டேன். அந்த இரண்டாவதுதான் வினை.

முதலில் பக்கத்து வீட்டு நாச்சியா ராத்தாவின் முற்றத்திலிருந்து பதில் குரவை வந்தது. பிறகு அவரே வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டார், அவர்களுக்குப் பின்னால் மூலை வீட்டு மருமகள், கையில் பிள்ளையோடு. கட்டிக்கொடுக்காத குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் காலையிலேயே குரவை கேட்டால் ஊர் வேறு என்னவென்று நினைக்கும்? "ஏன் புள்ள நதீரா, பஸ்மிலாவுக்கு மாப்புள சரிவந்திரிக்கி, எங்களுக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே" என்று ராத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்ல? பல் கோப்பையில் கிடக்கிறது, கோப்பை குசினியில், குசினி வழி முழுக்க ஆட்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினேன். "பாரன், வெக்கத்த" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் கூடுதலாகத் தலையாட்ட ஆட்ட மாப்பிள்ளை கூடுதலாகப் பெரிய இடமாகிக்கொண்டே போனார். கடைசியாகக் கேட்கும்போது அவர் எஞ்சினியர்.

அதற்குள் யாரோ பஸ்மிலாவுக்குப் போன் பண்ண, அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "உம்மா, மாப்புள ஆரு?" என்று கேட்டாள். கேட்ட முகத்தில் கோபத்தை விட ஆவல்தான் கூடுதல், அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். அவளுக்குப் பின்னால் வாப்பா. உரக்கடையைப் பூட்டிவிட்டு, தொப்பியும் போட்டு, கழுத்துப் பொத்தானும் பூட்டி வந்து நிற்கிறார். "எண்ட மகளுக்குக் கலியாணமாம், யூரியா வாங்க வந்த ஆள் சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றார். நான் குசினிக்குள் ஓடிப் பல்லை மாட்டிக்கொண்டு வந்தேன்.

வந்து உள்ளதைச் சொன்னேன். எண்ட மகன் அங்க மேளம் அடிக்கிறான், சேர்ச்சில பாடுற ஆக்களோட சேர்ந்து, ஆபிரிக்கா ஆட்டப் பாட்டு, அதுக்குத்தான் உம்மாட குரவையக் கேட்டான் என்றேன். உன்னைப் பற்றி இந்தத் தெருவில் இத்தனை காலம் நான் சொல்லாத ஒன்றை, வாழைப்பழத்தோடு வந்த சனத்துக்கு முன்னால் சொன்னேன். மூலை வீட்டு மருமகள் "சேர்ச் பாட்டா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாளைக்கு ஊர் கதைக்கும் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் பஸ்மிலா, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று பாட்டைப் போட்டாள். உன் மேளம் வந்தது. எதிர்வீட்டாரின் தலைகள் ஆடின. தெண்டாயின் உம்மாவின் குரவை வந்ததுதான் தாமதம், நாச்சியா ராத்தா பழக்க தோசத்தில் தன்னை அறியாமல் பதில் குரவை போட்டுவிட்டார். ஒரு குரவை கேட்டால் பதில் போடாமல் இருக்க எங்கள் நாக்குக்குத் தெரியாதே. போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வாப்பாவைப் பார்த்தார். எல்லாரும் வாப்பாவைப் பார்த்தோம். உன் பாட்டைப் பற்றி இத்தனை நாள் நல்லதும் சொல்லாமல் கெட்டதும் சொல்லாமல் இருந்த மனுசன், தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, "ஊர் கதைக்கும்தான். கதைக்கட்டும். புள்ள கேட்டிருக்கான், போடு நதீரா" என்றார்.

எல்லாருக்கும் முன்னாலே பல்லைக் கழற்றினேன் மகன், இனி எனக்கு என்ன மானம் மிச்சம். வாப்பா போனைப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தபடியால் பஸ்மிலா அதைத் திருப்பிக் கொடுத்தாள். நான் தொடங்கினேன், ராத்தா சேர்ந்தார், எதிர்வீட்டார் சேர்ந்தார்கள், ஒருத்தியிடம் கேட்டாய், தெருவே உனக்கு வருகிறது. முடிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. உன்னை மாப்பிள்ளையாக வாசலில் நிறுத்திப் போட வேண்டிய குரவையை வாப்பாவின் கையிலிருந்த ஒரு போனைப் பார்த்துப் போட்டேனே என்றுதான் அழுதேன். ராத்தா அதற்கும், "பல்லில்லாம அழாத புள்ள, பாக்கேலாது" என்றார். பிறகு வாழைப்பழத்தை எல்லாரும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகையால் என் பதில் ஓம். நீ வெறுமையாக விட்ட இடத்தில் அதைப் போடு, குரவையை மட்டும் போடு, அழுகையை வெட்டிவிடு. தெண்டாயின் உம்மாவுக்கு என் சலாம் சொல்லு, அவருக்கும் பல் கட்டியிருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்து எழுது. தொழுகையை விடாதே, மேளம் அடித்து வேர்த்த உடம்போடு குளிரில் இறங்காதே. அல்லாஹ் உன் கைக்கும் நெஞ்சுக்கும் பறக்கத்தைத் தரட்டும், உன்னோடு நின்று பாடுகிற அந்தப் பிள்ளைகளையும் நல்லபடியாக வைக்கட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இந்தப் பதிவையே உன் கலியாணத்துக்கும் போட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே. அதை நீ இந்த வாசலில் நிற்க நேரில்தான் போடுவேன். பல் போனால் குரவைக்கு நல்லதுதான் மகன், மூச்சுப் போனால்தான் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முதல் வந்து சேர்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
உம்மா நதீரா மசூர்