தொட்டியில் புதைத்த தாள்

தை மாதம், வெள்ளி இரவு. பட்டாபிராம்.

சாயங்காலம் சேகர் வந்தான். அம்பத்தூர் கம்பெனியில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவன். ஆடியில் இவர் காரியத்துக்கு வந்தது, பிறகு இன்றுதான் எட்டிப் பார்க்கிறான். பால்கனித் தொட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டுமாம்.

மண்ணில் மக்குகிறதா என்று பார்க்க இவர் கடைசியாகச் செய்த பிளாஸ்டிக் தாள் அதில்தான் புதைந்திருந்தது. மரவள்ளி மாவில் செய்தது ஈரம் பட்டால் இளகிவிடும். கரும்புப்பாகில் செய்தது மடித்தால் உடையும். இரண்டையும் அடுக்கினால் உரிந்து உரிந்து வந்தது. கடைசியில் இரண்டையும் கலந்து நடுவில் ஓர் அடுக்கு கொடுத்ததும் ஒட்டிக்கொண்டது. சூடு ஆறுவதற்குள் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். ரேகை அப்படியே பதிந்துவிட்டது. புதைக்கும் முன் அதை எனக்குக் காட்டிச் சிரித்தார். "இதுவும் மண்ணா பூட்டாத்தான் நான் ஜெயிச்சேன்னு அர்த்தம்."

சேகர் தொட்டியை அடிவரை கிளறினான். "இங்க பாருங்க அண்ணி, ஒரு துண்டுகூட இல்ல. மொத்தமும் மண்ணா பூட்ச்சி. அண்ணன் ஜெயிச்சிட்டாரு!" சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கோ அவனை அறையலாம்போல இருந்தது. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் படியிறங்கியதும் அந்த மண் முழுவதையும் மாவு சல்லடையில் போட்டுச் சலித்தேன். மறுபடியும் சலித்தேன். நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கிறது, கழுவ மனம் வரவில்லை.

ஜெயித்துவிட்டீர்கள். ரேகை பதிந்த அந்த ஓரத்தில் மட்டுமாவது தோற்றிருக்கக் கூடாதா?